தீயில் இறங்காத நந்தன்



மாசி மகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் லூமுட்டில் பேச்சு தொடங்கிவிடும். பாங்கோர் தீவில் கடலோரமாகக் கோயில் கொண்டிருக்கும் பத்திரகாளியம்மனைப் பார்க்க எந்த ஃபெரியில் ஏறுவது, யார் யார் கூட வருகிறார்கள், கட்டுச்சோறு யார் பொறுப்பு என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுவார்கள். அப்படி ஒரு மாலையில்தான் அடுத்த வீட்டு அக்கா கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய வயது. முகத்தில் கோபம். பின்னாலேயே அவருடைய பேத்தி. படிவம் நான்கில் படிக்கிற பெண்.

"தம்பி, நீங்க வாத்தியாரா இருந்தவரு. நாயன்மாரு கதைய இஷ்டத்துக்கு மாத்தி எழுதுறது பாவமா இல்லியா? நீங்களே படிச்சுப் பாருங்க" என்று நோட்டை மேசைமேல் வைத்தார்.

"சார், நான் ஒண்ணும் தப்பா எழுதல. இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி எழுதினேன். கலை விழாவுக்கு நாடகம் கேட்டாங்க" என்றாள் பேத்தி.

படித்தேன். பத்துப் பக்க நாடகம். அதில் நந்தன் ஒரு ஜாகா. ஜெட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில் இரவுக் காவல். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பாங்கோர் போக லீவு கேட்கிறான். முதலாளி ஒவ்வொரு வருஷமும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். கடைசிக் காட்சியில் சாவிக் கொத்தையும் டார்ச் விளக்கையும் மேசைமேல் வைத்துவிட்டு, நந்தன் ஃபெரியை நோக்கி நடக்கிறான். அத்தோடு திரை.

"ஆண்டைய மொதலாளியாக்கிட்டா, சரி, போவட்டும். நாப்பது வேலி நெலம் ஒரே ராத்திரியில வெளஞ்சுச்சே, அது எங்க? தீ எங்க? தீயில எறங்காம நந்தன் எப்படித் தம்பி நந்தனாவான்? பெரிய புராணத்தையே வெட்டிப்புட்டா!"

அக்காவிடம் மெல்லக் கேட்டேன்: "நாற்பது வேலி பெரிய புராணத்தில் எங்கே வருகிறது அக்கா?"

"என்னா தம்பி, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே?"

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் பெரிய புராணத்தில் அது இல்லை. நாற்பது வேலியும் இல்லை. லீவு கொடுக்க மறுக்கும் ஆண்டையும் இல்லை. இதைச் சொன்னதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேத்தியின் முகமும் மாறியது. ஏனென்றால் நோட்டின் முதல் பக்கத்தில் அவள், "சேக்கிழார் சொன்ன கொடுமைக்கார ஆண்டையை நான் முதலாளியாக மாற்றியிருக்கிறேன்" என்று முன்னுரை எழுதியிருந்தாள். பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை. ஆனால் தவறு இருவருக்கும் ஒன்றே. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதையே இந்த இதழில் உங்களுக்கும் சொல்கிறேன்.

நந்தன் கதையின் முதல் வித்து ஒரு பெயர் மட்டுமே. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் அடியார்களை வரிசையாகச் சொல்லி வணங்கும்போது, "திருநாளைப்போவார்" என்று ஒருவரையும் சேர்த்து வணங்கிச் செல்கிறார். ஊரில்லை, குலமில்லை, கதையில்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் அவருக்கு ஒரு பாட்டு ஒதுக்கினார். ஊர் ஆதனூர் என்பதும், குலம் புலைக்குலம் என்பதும், தில்லை வாழ் அந்தணர் மூவாயிரவர் அவரைக் கைகூப்பினார்கள் என்பதும் அங்கே வந்துவிட்டன.

12ஆம் நூற்றாண்டில் சோழன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் அந்த ஒரு பாட்டை 37 பாட்டாக விரித்தார். நந்தனார் என்ற பெயரே அவர் வாயிலாகத்தான் நமக்குக் கிடைத்தது. ஆதனூர்ச் சேரியை அவர் வருணிக்கும் இடத்தை வாசகர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். மருத மர நிழலில் தோலை விரித்துக் குழந்தையை உறங்க வைக்கிறாள் ஓர் உழத்தி. மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. அரசவையில் இருந்த ஒரு பெரியவர், சேரிக்குள் நின்று பார்த்தவர் போல எழுதுகிறார். பால்மரத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் துணித்தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு நிரை வெட்டப்போன தாய்மாரின் பிள்ளைகள் நாம். அந்த உழத்தியை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

சேக்கிழாரின் நந்தனார் யாருக்கும் பண்ணையாள் அல்ல. பறைத் தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தில் பிழைப்பவர். கோயில்களின் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டர். திருப்புன்கூரில் அவர் வாசலுக்கு வெளியே நின்று வணங்கியபோது, சிவபெருமான் நந்தியை விலகியிருக்கச் செய்து காட்சி தந்தார். இன்றைக்கும் அங்கே நந்தி சற்றே விலகித்தான் இருக்கிறது. ஆனால் தில்லை என்று வரும்போது அவர் கால் எழவில்லை. இரவெல்லாம் ஆசை, விடிந்தால், நம் குலம் அங்கே நுழையலாமா என்ற தயக்கம். "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போயின. அவரைத் தடுத்தவர் எவரும் கதையில் இல்லை. ஊர் கட்டி வைத்த தடை அவர் மனத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருந்தது. கடைசியில் இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். அந்தணர் கனவிலும் சொல்லித் தீ வளர்க்கச் செய்கிறான். அவர் பூணூல் அணிந்த முனிவராய் எழுந்து, கோயிலுக்குள் சென்று, மறைந்துவிடுகிறார்.

பிறகு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள். 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நம் அக்கா சொன்ன ஆண்டை, அந்த வேதியர், இங்கேதான் பிறக்கிறார். நந்தன் இங்கே பண்ணையடிமை. சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறான். வேதியர் ஏசுகிறார், மறுக்கிறார், கடைசியில் நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 265 ஏக்கர்! சிவபெருமான் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்க, ஆண்டை தம் அடிமையின் காலில் விழுகிறார்.

இதை எழுதிய பாரதியார் பிறப்பால் அந்தணர். தஞ்சைத் தரணியில் வாழ்ந்தவர். அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று ஆங்கிலேயர் 1843இல் சொல்லிவிட்டார்கள். ஆனால் வயலில் ஆண்டை ஆண்டையாகவும் ஆள் ஆளாகவுமே இருந்தார்கள். பாரதியார் கண்ணால் பார்த்தது அதைத்தான். சேக்கிழாரின் நந்தனாரைத் தடுத்தது மனத்துக்குள் இருந்த தயக்கம். அதை வெளியே இழுத்து, அதற்குக் குடுமியும் கைத்தடியும் கொடுத்து, இதோ இவர்தான் தடுக்கிறார் என்று ஊரறியக் காட்டியவர் பாரதியார். அதே காலத்தில்தான் அதே வயல்களிலிருந்து ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் சிலர் நாற்பது வேலியிலிருந்து தப்பி வந்தவர்கள். வந்த இடத்தில் கிடைத்ததோ நானூறு ஏக்கர்!

கதையை மாற்றியதற்குப் பாரதியாருக்கும் எதிர்ப்பு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனார். நூலில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, கதையும் பெரிய புராணத்துக்கு மாறாக இருக்கிறது என்பதால் பிள்ளையவர்கள் பிடி கொடுக்கவில்லை. பாரதியார் பல நாள் நடையாய் நடந்தார். ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, இவர் திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனையைத் தமக்குத்தாமே பாடினார். உள்ளே இருந்தவர் மனம் உருகியது. பாயிரம் கிடைத்தது. பிள்ளையவர்களிடம் தமிழும், பாரதியாரிடம் சிலகாலம் இசையும் பயின்ற உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. இலக்கணம் தெரிந்தவருக்கு வந்த கோபமும் நியாயம், இரங்கியதும் நியாயம்.

அதன்பின் ஆளுக்கொரு நந்தன். 1934இல் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு சிறுகதை எழுதினார். காந்தி ரயிலில் வருகிறார் என்று ஆதனூரே காத்திருக்கும் நாளில், தண்டவாளத்தில் நடந்துவரும் சேரிக் கிழவரைக் காப்பாற்ற, காங்கிரஸ்கார அந்தணப் பையனும் சுயமரியாதைக்காரனான கிழவர் மகனும் ஓடுகிறார்கள். வந்த ரயில் மூவரையும் சேர்த்தே அடித்துவிடுகிறது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பெண்ணாயிருந்தும் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியின் நந்தனாரில் தண்டபாணி தேசிகர் பாடினார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் நடத்தினார். அதில் சேரிப் பையன் கிந்தன் போக ஏங்குவது தில்லைக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு! வேடிக்கை போலத்தான் இருக்கும். ஆனால் மகனைப் பள்ளிக்கு அனுப்பலாமா, நிரைக்கு அனுப்பலாமா என்று தயங்கிய எத்தனை வீடுகள் நம் லயங்களில் இருந்தன! அந்த வீடுகளுக்குக் கிந்தனார் வேடிக்கையில்லை.

1978இல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தை எழுதினார். அங்கே தீ இறைவன் கேட்ட தீ இல்லை. மேலிடத்தார் சூழ்ச்சி செய்து, தீக்குள் போனால் உயர்ந்துவிடுவாய் என்று நம்ப வைத்து நந்தனை அனுப்புகிறார்கள். அவன் வெந்துபோகிறான். இவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? பத்தாண்டுக்கு முன், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாக வைத்துக் 'குருதிப்புனல்' நாவலை எழுதிச் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவரும் இதே இந்திரா பார்த்தசாரதிதான். வெண்மணித் தீயைக் கண்ட பிறகு நந்தன் தீயை முன்போல் கைகூப்பிப் பார்க்க ஓர் எழுத்தாளனால் முடியவில்லை.

ஆக, பழைய கதையைப் பின்னால் வந்தவர்கள் மாற்றுவது விளையாட்டில்லை. கம்பன் மாற்றவில்லையா? வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனுக்கு அதை எழுத மனம் வரவில்லை. குடிசையைத் தரையோடு பெயர்த்தெடுக்க வைத்தான். இன்று நமக்குக் கம்பன் சொன்னதே இராமாயணம். மாற்றியது நிலைத்துவிட்டால் அதுவே மூலம்போல் ஆகிவிடுகிறது. நாற்பது வேலியும் அப்படித்தான் ஆயிற்று.

ஆகவே பேத்தியிடம் சொன்னேன்: "நீ மாற்றியது பாவமில்லை அம்மா. ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றியிருக்கிறாய். சேக்கிழார் எழுதாததை அவர் தலையில் கட்டியிருக்கிறாய். 37 பாட்டு; ஒரு மாலை போதும். உரையோடு படி. படித்த பிறகு உன் நந்தனை யார் தடுக்கிறார் என்று உன்னையே கேட்டுக்கொள். முதலாளியா? அவன் மனமா? இரண்டுமா? பதில் கிடைத்தால் உன் நாடகம் நிற்கும். தீயை எடுத்ததும் சரி. ஒரு மனிதன் கோயிலுக்குப் போக வெந்துதான் ஆக வேண்டும் என்று இந்தக் காலத்தில் மேடையில் காட்ட வேண்டாம்."

தீர்ப்புச் சொல்லிவிட்ட திருப்தியில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"தம்பி, எங்கப்பாதான் எங்க தோட்டத்துல நந்தன் வேஷம் கட்டுவாரு" என்றார்.

ஆயர் தாவாருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டம். இன்று அங்கே மரமும் இல்லை, லயமும் இல்லை, எல்லாம் செம்பனை. அக்காவின் அப்பா வெட்டுக்காரர். மாரியம்மன் திருவிழாவில் மூன்றாம் நாள் ராத்திரி நந்தனார் நாடகம். அந்த நாடகத்திலும் ஒரு மாற்றம் உண்டு. வேதியராக வந்தவர் துரைபோல் தொப்பி வைத்துக்கொண்டு, "சம்போ சொன்னே, பெரட்டுக்கு வரலே, அரை நாள் கட்!" என்று அதட்டுவாராம். தோட்டமே சிரித்துப் புரளுமாம். எந்தப் புத்தகத்திலும் அச்சேறாத அந்த வசனத்தை எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. நான் சொன்ன வரிசையில் அவருக்கும் ஓர் இடம் உண்டென்றே நினைக்கிறேன்.

"கடைசியில தீ. வெறகு அடுக்கி, செகப்புத் தாளு சுத்தி, உள்ள அரிக்கன் வெளக்கு வெச்சிருப்பாங்க. அப்பா அதுக்குள்ள எறங்கி அந்தப் பக்கம் வெளிய வருவாரு, சந்தனம் பூசிக்கிட்டு. அப்ப, தம்பி, எல்லாரும் எந்திரிச்சி நிப்பாங்க. கங்காணி நிப்பாரு. முன்னால நாக்காலியில ஒக்காந்திருக்கிற கிராணி நிப்பாரு. கையெடுத்துக் கும்புடுவாங்க. மறுநாள் காலையில அதே கிராணி முன்னாடி எங்கப்பா தலைய சொறிஞ்சிக்கிட்டு நிப்பாரு. வருஷத்துல அந்த ஒரு ராத்திரிதான் அவுங்க அவருக்காக எந்திரிச்சாங்க. அந்தத் தீயத்தான் இவ எடுத்துட்டா."

நான் பேசவில்லை.

"பாங்கோர் மாசி மகத்துக்குப் போவணும்னு வருஷா வருஷம் சொல்லுவாரு. வேலைக்குப் போவலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே போயிருச்சு. இங்கேருந்து எவ்ளோ தூரம் தம்பி? காலையில போனா சாயங்காலம் திரும்பிரலாம். போவாமலேயே கண்ண மூடிட்டாரு."

பெரிய புராணத்தையும் கீர்த்தனையையும் நாடகத்தையும் படித்துவிட்டுத் தீயைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். தீக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த ஒரு சிறுமியின் கண்ணுக்கு அது வேறாக இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. எரிப்பதற்கு மட்டும் தீ என்று நினைத்தேன். கிராணியை எழுந்து நிற்க வைத்ததும் அதே தீதான். இதற்குமேல் அக்காவிடம் வாதாட என்னிடம் வார்த்தை இல்லை.

பேத்திதான் பேசினாள். "பாட்டி, இது ஒங்க அப்பா கதைன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ எங்க கேட்ட?"

இரண்டு நாள் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முன்னுரையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்: சேக்கிழார் என்ன சொன்னார், பாரதியார் எதைச் சேர்த்தார், நான் எதை மாற்றுகிறேன் என்று மூன்றே வரி. கடைசிக் காட்சியில் தீ வரவில்லை. ஆனால் ஜாகா சாவிக் கொத்தை வைத்துவிட்டு நடக்கும்போது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்து நிற்கிறார். அக்காவிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினாளாம். "அவன் கும்புடணும்" என்றாராம் அக்கா. "அதுக்கு இன்னும் காலம் ஆகும் பாட்டி" என்றாளாம் இவள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதைத் தீர்த்துவைக்க என்னை யாரும் கூப்பிடவில்லை, நல்லதாகப் போயிற்று.

மாசி மகத்தன்று இருவரும் ஃபெரி ஏறினார்கள். அக்காவின் மடியில், துணியில் சுற்றிய ஒரு பழைய படம் இருந்தது.

நேயர்களே, உங்கள் தோட்டத்துத் திருவிழாவிலும் நந்தனார் நடந்திருக்கும், அரிச்சந்திரா நடந்திருக்கும், நல்லதங்காள் நடந்திருக்கும். யார் வேஷம் கட்டினார்கள், புத்தகத்தில் இல்லாத எந்த வசனத்தைச் சேர்த்தார்கள், தோட்டம் எந்த இடத்தில் சிரித்தது, எந்த இடத்தில் எழுந்து நின்றது என்று நினைவிருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.